குமிழைத் திருப்பும் வேளையில்

பழைய வால்வு வானொலியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தவர்கள் அந்த அழகிய உறுப்பை மறந்திருக்கமாட்டார்கள். மெல்லிய அலுமினியத் தகடுகள் அரைவட்ட வடிவில் அடுக்கடுக்காக நிற்கும். முன்புறக் குமிழைத் திருப்பினால் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின் இடைவெளிகளுக்குள், ஒன்றையொன்று தீண்டாமல், மெல்ல நுழையும். பழுதுபார்ப்பவர்கள் அதனைக் 'கேங்' என்பார்கள். மாறுமின்தேக்கி என்பது பாடநூற் பெயர். அதனுடன் ஒரு கம்பிச்சுருளும் சேர்ந்துவிட்டால், வானவெளியில் ஒரே நேரத்தில் வந்து மோதும் எத்தனையோ குரல்களுள் ஒன்றை மட்டும் உள்ளே விடும் வாயில் அமைந்துவிடுகிறது. கொள்ளளவை நான்கில் ஒன்றாகக் குறைத்தால்தான் அதிர்வெண் இரு மடங்காகும் என்ற கணக்கைத் தொழில்நுட்பப் பயிலகத்தின் கரும்பலகையில் ஆண்டுதோறும் எழுதியவன் நான். மத்திய அலையோ ஏறத்தாழ 530 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரை, மும்மடங்கு விரிந்து கிடக்கிறது. ஆகவே கொள்ளளவு ஒன்பது மடங்கு மாறியாக வேண்டும். இத்தனை தகடுகள் எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு அதுவே விடை.

தொடக்கக் காலக் கம்பியில்லாத் தந்தியில் இவ்வாயில் இல்லை. இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் குழம்பிப் போகும். 1897-இல் ஆலிவர் லாட்ஜும், 1900-இல் மார்க்கோனியும் ஒத்திசைவு முறைக்குக் காப்புரிமை பெற்றனர். மார்க்கோனியின் காப்புரிமை எண் 7777; நான்கு ஏழுகள் என்றே அது பெயர் பெற்றது. அதே மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1931 பிப்ரவரி 12 அன்று தொடங்கி வைத்ததை நம்முள் பலர் அறிவோம். 1933-இல் அவர் வத்திக்கானையும் காஸ்தல் கந்தோல்ஃபோவையும் நுண்ணலைத் தொலைபேசியால் இணைத்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பின்னர்த் தகடுகளின் இடத்தை வேரக்டர் என்னும் டயோடு பிடித்துக்கொண்டது. எதிர்த்திசை மின்னழுத்தத்தைக் கூட்டினால் அதனுள்ளே நகரும் மின்னூட்டங்கள் அற்ற இடைவெளி அகலும், கொள்ளளவு குறையும். அசையும் உறுப்பு ஒன்றுமில்லை. பேரியம் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்னும் பீங்கான் பொருளும் மின்னழுத்தத்திற்கேற்பத் தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத சிறு உலோகச் சவ்வுகளைச் சிலிக்கான் மேல் செதுக்கி, அவற்றை அசையச் செய்யும் முறையும் உண்டு. பழைய 'கேங்' மணல்துகளளவாகச் சுருங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

இவையெல்லாம் எனக்கு வெறும் பாடமாகவே இருந்தன, 2017 நவம்பர் இறுதி வரை. ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது என் தமக்கையின் மகன் ஆழ்கடலில் இருந்தான். ஆறு நாள்கள் ஒரு செய்தியும் இல்லை. முற்றத்தில் அமர்ந்திருந்த தமக்கை என்னை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, நீ ஒயர்லெஸ் படிச்சவன்தானே? எனக்க பிள்ளைய ஒருக்கா விளிச்சுப் பாக்கப்பிடாதா?" என்று கேட்டாள். அவனது படகு இலட்சத்தீவில் ஒதுங்கியிருந்ததைப் பின்னர் அறிந்தோம். அண்டை வீடுகள் சிலவற்றிற்கு அச்செய்தியும் வரவில்லை.

அவள் கேட்டதற்கு விடை எளிது. ஆனால் அன்று அதனைச் சொல்லும் துணிவு யாருக்கு இருந்திருக்கும்? படகுகளில் இருந்தது வி.எச்.எஃப். கருவி. அதன் அவசர அழைப்பு 156.8 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அவ்வலை நேர்கோட்டிலேயே செல்லும், கடலின் வளைவு அதனை மறைத்துவிடும். நான்கு மீட்டர் உயர ஏரியலுக்கு எட்டும் தொலைவு எட்டு கிலோமீட்டர். இரு படகுகளுக்கிடையே பதினாறு. கரையில் நூறு மீட்டர்க் கோபுரம் நின்றாலும் ஐம்பதைத் தாண்டாது. நம்மவர்களோ பல நூறு கிலோமீட்டர் செல்பவர்கள்.

அத்தொலைவிற்குச் சிற்றலை வேண்டும். அது வானின் அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும். ஆனால் பகலில் ஓர் அதிர்வெண், இரவில் மற்றொன்று என மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 4 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 75 மீட்டர். அதன் கால் பங்கான பத்தொன்பது மீட்டர்க் கம்பம் படகில் நிற்குமா? ஏழு மீட்டர்க் கோலையே நிறுத்தலாம். அக்கோலை ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் இசைய வைப்பது அதன் அடியில் உள்ள தானியங்கி இசைவிப்பான். கருவி முதலில் மெல்லிய வானொலி அலை ஒன்றை அனுப்பும். எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்று அளக்கும். பின் ரிலேக்கள் டக் டக்கென்று சுருள்களையும் மின்தேக்கிகளையும் சேர்த்தும் விலக்கியும் பார்க்கும். திரும்பி வருவது மிகக் குறைந்ததும் நின்றுவிடும். சில நொடிகளே. அது இல்லாவிடில் ஆற்றலின் பெரும்பங்கு கோலில் ஏறாமல் திரும்பிக் கருவியையே சூடாக்கும்.

பெருங்கப்பல்கள் இத்தகைய தொடர்புக் கருவிகளை வைத்திருக்க வேண்டும் என்று பன்னாட்டு விதி உண்டு. மீன்பிடிக் கலங்களை அவ்விதி விலக்கி வைத்திருக்கிறது. இதனை நியாயம் என்று என்னால் ஏற்க இயலவில்லை.

நம் சட்டைப் பையிலுள்ள கைபேசியின் நிலை வேறு. அதனை இறுகப் பற்றினால் விரல்களே ஏரியலின் இசைவைக் கெடுக்கும். உள்ளிருக்கும் நுண்ணிய சுவிட்சுகள் உடனே சரிசெய்துகொள்கின்றன. எல்லா அலைவரிசைக்கும் இசையும் ஒரே வடிகட்டியை அமைக்கப் பொறியாளர்கள் பல்லாண்டுகளாக முயல்கின்றனர். ஆயினும் மாறத்தக்க வடிகட்டி வரும் சிறு ஆற்றலிலும் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. ஆதலால் இன்றும் கைபேசிக்குள் மாறாத வடிகட்டிகள் பல வரிசையாக நிற்கின்றன. விலை மலிவு, இழப்பும் குறைவு. நான் அதனைக் குறை சொல்லமாட்டேன்.

ஒக்கிக்குப் பிறகு இஸ்ரோ வடிவமைத்த செயற்கைக்கோள் கருவி மருமகனின் படகிலும் வந்துள்ளது. கரையோடு சிறு செய்திகளைப் பரிமாறிக்கொள்ள அது உதவும். குரல் கேட்க உதவாது. சிற்றலைக் கருவிக்கு உரிமம் வேண்டி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். சென்ற வாரம் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு இருவரும் படகில் ஏறினோம். கோலைச் சுக்கான் அறையின் வலப்பக்கம் நிறுத்தினால் வலை இழுக்கும்போது இடிக்கும் என்றான். இடப்பக்கத்தில் இடம் இருக்கிறது.