சுங்குடி வாங்கப் போறீங்களா? முடிச்சைப் பார்த்து வாங்குங்க!

கப்பலூருக்குப் பெயரில்தான் கப்பல். கண்ணுக்கெட்டிய தூரம்வரை கடல் கிடையாது. ஆனால், கடற்கரைக் கடைகளில் வாங்கிய சாமான்கள் தினமும் இந்த வழியாகத்தான் ஊர்வலம் போகின்றன. கன்னியாகுமரி பார்த்துவிட்டு நான்குவழிச் சாலையில் திரும்பும் வேன்கள் கப்பலூர் டோல்கேட்டில் நிற்கும்போது எட்டிப் பாருங்கள். ஒருவர் மடியில் சோழி ஒட்டிய கண்ணாடி, இன்னொருவர் கையில் பெயர் எழுதிய சங்கு, குழந்தைகளிடம் வண்ண மணல் பாக்கெட்.

அடுத்த நிறுத்தம் மதுரை. மீனாட்சி தரிசனம், ஒரு ஜிகர்தண்டா, அதன் பிறகு வேனுக்குள் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: "மதுரைக்கு வந்துட்டு சுங்குடி வாங்காமப் போறதா?"

வாங்கலாம், தாராளமாக. ஆனால், 'சுங்குடி' என்ற பெயரில் கடையில் விற்பதெல்லாம் ஒரே பொருள் அல்ல. அது தெரியாமல் உள்ளே போனால், சங்கில் பெயர் எழுதி வாங்கிய கதைதான்.

நேரம் இருந்தால், போகிற வழியில் திருநகரிலிருந்து திரும்பி விளாச்சேரியை ஒரு எட்டு பார்த்துவிடலாம். கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர். நவராத்திரி நெருங்கினால் வீட்டு வாசலெல்லாம் தசாவதாரமும் கல்யாண செட்டும் வெயில் காயும். நவராத்திரி முடிந்ததும் அதே கைகள் கிறிஸ்துமஸ் குடிலுக்கான பொம்மைகளில் இறங்கிவிடும். இங்கே வாங்குபவர்களுக்கு ஒரே யோசனை: பொம்மையின் முகத்தை ரசித்த பிறகு, தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். சுட்ட மண் என்றால் உள்ளே செம்மண் நிறம் தெரியும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றால் சுண்ணாம்பு வெள்ளை. இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்க வேண்டியதில்லை.

இனி சுங்குடி.

இது மதுரை சௌராஷ்டிரர்களின் கைவேலை. நாயக்கர் காலத்தில் இங்கே வந்து குடியேறியவர்கள்; திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்றும் அவர்களுடைய பேச்சைக் கேட்கலாம். வெள்ளைப் பருத்திச் சேலையில் புள்ளிக்குக் குறி வைத்து, அந்த இடத்தைத் துளியூண்டு கிள்ளித் தூக்கி, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். அடுத்த புள்ளி, அடுத்த முடிச்சு. இப்படி ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். பிறகு துணியைச் சாயத்தில் முக்கினால் முடிச்சுக்குள் சாயம் ஏறாது. காய்ந்ததும் துணியை இழுத்தால் முடிச்சுகள் தெறித்து விழ, அந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. குஜராத்தின் பாந்தனியும் ஜப்பானின் ஷிபோரியும் இதே குடும்பம்தான். கட்டி, முக்கி, அவிழ்ப்பது.

முடிச்சுப் போடுவது பெரும்பாலும் பெண்கள், அதுவும் வீட்டில் உட்கார்ந்து. சமையல் முடிந்த நேரத்தில், வாசல் வெளிச்சத்தில். ஒரு சேலை முடிய நாள் கணக்கில் ஆகும். கண்ணும் விரலும் தேய்கிற வேலைக்குக் கிடைக்கும் கூலி சொற்பம் என்பதால், அம்மாவுக்குத் தெரிந்தது மகளுக்கு வருவதில்லை. அதற்குள் மெழுகு அச்சு வந்தது. உருக்கிய மெழுகில் அச்சுக்கட்டையைத் தோய்த்துத் துணியில் ஒற்றி, சாயமிட்டு, வெந்நீரில் மெழுகைக் கரைத்துவிட்டால் புள்ளி தயார். அப்புறம் ஸ்கிரீன் பிரின்ட். வேலை குறைந்தது; பெயர் மட்டும் அதேதான்.

மெழுகு அச்சைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அதுவும் கைவேலைதான், நல்ல பருத்தியில் நல்ல சேலைதான். சித்திரை வெயிலுக்கு அதைவிட இதமான துணி எது? சிக்கல் எங்கே என்றால், 'அக்கா, எல்லாமே சுங்குடிதான்க்கா' என்று கடைக்காரர் பொதுவாகச் சொல்லும் இடத்தில். மதுரை சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் கடைக்குள் நிற்கும் உங்களுக்குக் கண்ணும் விரலும்தான் துணை.

முதலில் சேலையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெளுத்திருந்தால் ஸ்கிரீன் பிரின்ட், சந்தேகமே வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே நிறம் என்றால் உடனே முடிச்சுச் சேலை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மெழுகு அச்சும் சாயத்தில் முக்குவதுதான் என்பதால் அதிலும் இரண்டு பக்கம் நிறம் இருக்கும். அடுத்து புள்ளிகளைக் கவனியுங்கள். எல்லாமே அளவெடுத்த மாதிரி ஒரே வடிவத்தில் இருந்தால் அச்சு. நடுநடுவே மெல்லிய விரிசல் கோடு ஓடினால் அது மெழுகு உடைந்த தடம். கையால் முடிந்த புள்ளி ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. வட்டமாகவும் இருக்காது, சதுரமாகவும் இருக்காது, நடுவில் பெரும்பாலும் சாயத்தின் பொட்டு ஒன்று தெரியும். கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். முடிச்சு இருந்த இடமெல்லாம் சின்னச் சின்ன மேடாகச் சுருங்கி நிற்கும். இழுத்தால் விரியும், விட்டால் பழையபடி சுருங்கும். இந்தச் சுருக்கத்தை எந்த அச்சும் தராது.

விளக்குத்தூண் பக்கமும் தெற்கு மாசி வீதியிலும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பழைய ஞாபகத்தில் புது மண்டபத்துக்குள் வளையலும் பித்தளைச் சாமானும் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: அந்தக் கடைகள் பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. சுங்குடிக் கடையில் நுழைந்ததும் "சுங்குடி காட்டுங்க" என்று கேட்காமல், "கையால முடிச்சுப் போட்டது இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். சில கடைகளில் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். சில கடைகளில் உள்ளேயிருந்து தனியாக ஒரு கட்டு வரும். விலையைக் கேட்டால் திக்கென்றுதான் இருக்கும், பிரின்ட் சேலையைப்போலப் பல மடங்கு. பேரம் பேசுவது உங்கள் உரிமை. அதற்கு முன்னால், முந்தானையில் ஒரு சாண் இடத்தை மட்டும் எடுத்துப் புள்ளிகளை எண்ணிவிடுங்கள். எண்ணி முடித்தவர்கள் பெரும்பாலும் அடாவடியாகக் குறைத்துக் கேட்பதில்லை.

பட்ஜெட் ஒத்துவரவில்லையா? மெழுகு அச்சுச் சேலையை மெழுகு அச்சுக்கான விலையில் சந்தோஷமாக வாங்குங்கள். முடிச்சு வேலையில் தாவணி, துப்பட்டா மாதிரிச் சின்னதாக ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் தடவை கல்லுப்பு போட்ட தண்ணீரில் தனியாக நனைத்து அலசுங்கள். சாயம் கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள். வழக்கமாகப் பருத்திச் சேலைக்குச் செய்வதுபோல கஞ்சி போட்டு மொடமொடவென்று இஸ்திரி போட்டுவிடாதீர்கள்; அந்தச் சுருக்கம் தட்டையாகிவிடும். பக்கத்து வீட்டு அக்கா வந்து "இது பிரின்ட்டா, முடிச்சா?" என்று கேட்டால், தடவிக் காட்ட அது வேண்டுமே!