பூஞ்சையும் காவற்கலங்களும்

2021ஆம் ஆண்டு இந்தியாவில் கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது ‘கறுப்புப் பூஞ்சை’ தலைப்புச் செய்தியாயிற்று. 40,000க்கும் மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர். பலர் கண்ணை இழந்தனர். பலர் உயிரையே இழந்தனர். நானும் நீண்டகால நீரிழிவு நோயாளி. ஆதலால் அச்செய்திகளைப் பத்திரிகையாளனாக மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை.

அப்பூஞ்சை புதிதாக வந்ததன்று. அதன் வித்திகள் மண்ணிலும் காற்றிலும் என்றும் உள்ளவை. நாமெல்லோரும் அவற்றைச் சுவாசிக்கிறோம். அவ்வாறாயின் பெரும்பாலோர் நோயுறாதிருப்பது எங்ஙனம்?

இதற்கான விடையின் முதற்பகுதி 1884இலேயே கிடைத்துவிட்டது. ருஷ்ய விஞ்ஞானி இலியா மெச்னிக்கோவ், குளத்து நீரில் வாழும் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். அதன் உடல் கண்ணாடி போன்றது. உள்ளே நடப்பது வெளியே தெரியும். உணவோடு உட்சென்ற ஒருவகைப் பூஞ்சையின் ஊசி போன்ற வித்திகள் குடற்சுவரைத் துளைத்து வெளிவந்தன. உடனே கலங்கள் சில அவற்றைச் சூழ்ந்து விழுங்கிச் சிதைத்தன. கலங்கள் வென்றால் தெள்ளு பிழைத்தது. தோற்றால் பூஞ்சை பெருகி, தெள்ளு மாண்டது. நிர்ப்பீடனம் பற்றிய பணிக்காக 1908இல் அவர் போல் ஏர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நமது குருதியின் வெண்கலங்களும் அதையே செய்கின்றன. பூஞ்சையின் சுவரிலுள்ள பீட்டா குளுக்கன் என்னும் பொருள் நம் உடற்கலங்களில் இல்லை. பகைவனைக் காட்டிக்கொடுப்பது அதுவே. சிறு வித்தியை விழுங்கிவிடலாம். நீண்ட இழையாக வளர்ந்துவிட்டதை என் செய்வது? நியூத்திரோபில் என்னும் வெண்கலம் அப்போது தன் டி.என்.ஏ. இழைகளையே வலையாக வீசுகிறது. பெரும்பாலும் அம்முயற்சியில் தானும் மடிகிறது. இவ்வலை 2004இலேதான் கண்டறியப்பட்டது.

கட்டுக்கடங்காத சீனி இக்காவற்கலங்களைத் தளர்த்திவிடும். கொரோனா நோயாளரின் உயிர்காக்க வழங்கப்பட்ட ஸ்டீரொய்ட் மருந்தோ, அளவு மிஞ்சியபோது சீனியை ஏற்றியது, காவலையும் அடக்கியது. கறுப்புப் பூஞ்சைக்கு ஆளானோரில் மிகப் பலர் நீரிழிவு நோயாளர்.

செய்தித்தாள் உலகில் தாக்கியவனுக்கே தலைப்பு. திருடன் வராத இரவின் காவலாளியைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. ஆயினும், என்னைப் போன்ற நீரிழிவு நோயாளர் அறியவேண்டியது அக்காவலாளியைப் பற்றித்தான். சீனியைக் கட்டுக்குள் வையுங்கள். மருத்துவர் சொல்லாமல் ஸ்டீரொய்ட் வாங்கி விழுங்காதீர்கள்.