மண்டியில் தங்கிய இரண்டு நாள்

சென்ற ஜூன் மாதத்தில் லாஹௌல் பள்ளத்தாக்கைக் காணத் தில்லியிலிருந்து புறப்பட்டோம். நாங்கள் மூவர், அண்ணா என்று நாங்கள் அழைக்கும் நண்பர், அண்ணி, அவர்கள் பையன் ஆக மூவர். ரயில்வே குமாஸ்தா ரயிலை விட்டு ஜீப்பில் போவதா என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். மணாலிக்கு ரயில் இல்லையே, என் செய்வது!

வண்டி அண்ணாவுடைய பழைய மாருதி ஜிப்ஸி. மலைப்பாதைக்கென்று சென்ற ஆண்டு அதை உயர்த்தியிருந்தார். வளைவு கூடிய ஸ்பிரிங் பட்டைகள், அவற்றைச் சட்டத்தோடு இணைக்கும் நீண்ட ஷாக்கிள்கள், பெரிய டயர்கள் எல்லாம் பூட்டி, சேமிப்பில் பெரும்பகுதியை அதில் போட்டிருந்தார். (பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதை இப்படிச் செய்ய நினைக்கும் அன்பர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்வது நலம்.)

கர்நால் தாண்டி வேகம் எண்பதைத் தொட்டதும் விஷயம் தெரிந்தது. சாலை நேராக இருந்தது. வண்டி நேராக இல்லை. இடப்புறம் சிறிது ஒதுங்கும், அண்ணா திருத்துவார், உடனே வலப்புறம் ஒதுங்கும். நூல் பிடித்தாற்போன்ற சாலையில் அவர் கைகள் ஒரு கணமும் ஓயவில்லை. லாரி ஒன்று எங்களைக் கடந்தபோது அதன் காற்றிலேயே வண்டி ஒரு முழம் நகர்ந்தது. பின்னால் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் அடிவயிறு கலங்கியது. ஆயினும் அண்ணாவின் முகத்தைப் பார்த்து வாய் திறக்கவில்லை. அவர் பெருமைப்பட்டுக் காட்டிய பொருளைப் பழிப்பது எப்படி? அந்த மௌனம் தவறு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

வழியில் ஒரு பட்டறையில் ஸ்டியரிங் பெட்டியின் மேலுள்ள திருகை இறுக்கிக் கொடுத்தார்கள். அதன்பின் ஸ்டியரிங் கனத்தது, அலைச்சல் நிற்கவில்லை. கீரத்பூருக்கும் நேர்சௌக்குக்கும் இடையிலான புதிய நான்கு வழிச் சாலையில் சுரங்கங்களைக் கடக்கும்போது அண்ணி, "ஏன்னா, இனிமேல் பக்கத்தில் ஆறும் பள்ளமும் வருமாமே?" என்று மட்டும் கேட்டார். அண்ணா பதில் சொல்லவில்லை. மண்டி நகரத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்.

அங்கே லாரிகளுக்குக் கமானி கட்டும் பட்டறை ஒன்று கிடைத்தது. ஸ்பிரிங் பட்டைக்கு இப்பக்கத்தில் கமானி என்று பெயர். பட்டறைக்காரர் வயதான சர்தார்ஜி. வண்டியைத் தொடுமுன் ஒரே கேள்வி கேட்டார்: "பாபுஜி, வளைவில் திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறதா?" அண்ணா யோசித்து, "இல்லை, நான்தான் திருப்பிக்கொள்கிறேன்" என்றார். சர்தார்ஜி தலையசைத்தார். ஆனால் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை, தரையிலிருந்து தொடங்கினார்.

முதலில் டயர்களின் காற்று. பிறகு வண்டியைத் தரையில் நிறுத்தியபடியே ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சிறிது அசைக்கச் சொல்லி, தாம் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கைவைத்துப் பார்த்தார். தண்டு அசைந்தும் சக்கரம் அசையாத இடத்தில் தேய்மானம் உண்டு என்பது கணக்கு. டை ராடின் ஒரு முனை அவ்வாறு அகப்பட்டது. அடுத்துச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். கிங் பின்னும் பேரிங்கும் உறுதியாக இருந்தன. டயர்களில் சுண்ணக்கோடு இட்டு முன்னும் பின்னும் நாடாவால் அளந்தார். முன்புற இடைவெளி சில மில்லிமீட்டர் குறைந்திருக்க வேண்டும்; அதுவும் சரியே. டை ராடு முனையை மாற்றி, இறுக்கிய திருகையும் பழைய நிலைக்குத் தளர்த்தினார்.

பல்ஹ் சமவெளியின் நேரான சாலைக்குப் போய் ஓட்டிப் பார்த்தோம். கனம் போயிற்று, அலைச்சல் பாதியே குறைந்தது. அண்ணா இதுவே போதும் என்றார். இம்முறை நாங்கள் பேசினோம்: "போதாது அண்ணா. குழந்தைகள் இருக்கிறார்கள்."

மறுநாள் சர்தார்ஜி தம் கைப்பேசியையே சாய்வுமானியாக வைத்து முன் அச்சை அளந்தார். சைக்கிளின் முன் கவையைப் பாருங்கள். மேல்முனை ஓட்டுபவர் பக்கம் சாய்ந்திருக்கும். மோட்டார் வண்டியின் கிங் பின்னுக்கும் அச்சாய்வு வேண்டும், காஸ்டர் என்பர். அதுதான் திரும்பிய சக்கரத்தை நேருக்கு இழுத்து வருவது. எங்கள் ரயில் சக்கரமும் தண்டவாளத்தில் படியும் முகத்தில் 20-க்கு 1 என்ற சாய்வு கொண்டது. ஒருபுறம் ஒதுங்கினாலும் நடுவுக்கு மீளும். ஆக, நேராக ஓடுவதற்கு எங்கும் ஒரு சாய்வு தேவைப்படுகிறது! ஜிப்ஸியில் மூன்று பாகை அளவுக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பாகைகூட இல்லை. முன்முனையில் நீண்ட ஷாக்கிளைப் பூட்டியதால் ஸ்பிரிங்கின் அம்முனை தாழ்ந்து, அச்சே முன்னோக்கிப் புரண்டிருந்தது. ஷாக்கிளில் இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலந்தான் உயரும். அந்த ஓர் அங்குலத்துக்கு இத்தனை விலை.

ஆப்பு வடிவத் தகட்டை மட்டும் வைத்தும் சாய்வை மீட்கலாம். ஆனால் கனத்த ஆப்பு வைத்தால் முன் புரொப்பல்லர் ஷாப்டின் மூட்டு மிகவும் மடங்கும் என்றார் சர்தார்ஜி. பழைய ஷாக்கிள்களைப் போட்டு, மெல்லிய ஆப்பு வைப்பதே நல்லது என்பது அவர் அபிப்பிராயம்.

அண்ணா வெகுநேரம் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பழையவற்றை எங்கே தேடுவேன்?" என்றார். அண்ணி வண்டியின் பின்புறம் சென்று ஒரு கோணிப்பையை இழுத்துப் போட்டார். நான்கும் அதில் இருந்தன. "இரும்பாயிற்றே, எறிய மனம் வரவில்லை" என்றார்.

வேலை முடியும்வரை பியாஸும் சுகேதியும் கூடுமிடத்திலுள்ள பஞ்சவக்த்ரர் கோயிலில் அமர்ந்திருந்தோம். 2023 ஜூலை வெள்ளம் அக்கற்கோயிலைச் சூழ்ந்தும் அசைக்கவில்லை. குழந்தைகளுக்கு அங்கிருந்து வர மனமில்லை.

மாலையில் மீண்டும் பல்ஹ் சாலை. வளைவு முடிந்து அண்ணா பிடியைத் தளர்த்தினார். ஸ்டியரிங் அவர் உள்ளங்கைகளுக்குள் வழுக்கிக்கொண்டு நேருக்கு வந்தது. யு போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டரில் மறுபடி இறுக்கச் சொல்லி சர்தார்ஜி விடைகொடுத்தார்.

இரண்டு நாள் குறைந்ததால் கேலாங் போக முடியவில்லை. பண்டோ அணைக்கு மேலுள்ள பள்ளத்தாக்கை அச்சமின்றிக் கடந்து, 2020-இல் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தில் நுழைந்து, சந்திரா நதிக்கரையில் சிஸ்ஸு வரை சென்றோம். எதிரே பனிமலை. வண்டியிலிருந்து இறங்கிய அண்ணி, "ஓர் அங்குலம் தாழ்ந்தது நல்லதுதான், இறங்க எளிதாக இருக்கிறது" என்றார். அண்ணா சிரித்துவிட்டார்.