எழுத்துக் கூட்ட வைப்பவர்கள்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலிருந்து பிரியும் ஊர்ச் சாலையில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. வட்டார வள மையத்திலிருந்து அங்கு வரும் சிறப்புப் பயிற்றுநரின் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். அவரோடு பாயில் உட்கார்ந்திருந்தவள் மூன்றாம் வகுப்புச் சிறுமி. கதை சொன்னால் ஆர்வமாகக் கேட்கிறாள், கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்கிறாள். புத்தகத்தை விரித்தால் மட்டும் குரல் அடங்கிவிடுகிறது.

அட்டையில் 'செடி' என்று எழுதியிருந்தது. அவள் கொம்பிலேயே நின்றுவிட்டாள்.

"கொம்பை விடு கண்ணு. பக்கத்துல யாரு?"

"ச."

"கொம்பு சேர்ந்தா?"

"செ... செடி, டீச்சர்!"

"கண்ணுக்குக் கொம்பு முதல்ல வருது, வாய்க்கு 'ச்' முதல்ல வருது. இந்த இடத்துலதான் பல பிள்ளைங்க தடுமாறுது" என்றார் பயிற்றுநர். 'கொ' இன்னும் கடினம். முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. 'பல்', 'தம்பி' இரண்டிலும் ஒரே பகரம்தான், ஒலி வேறு. எழுதியபடியே வாசிக்கலாம் என்று நாம் நினைக்கும் தமிழிலும் இத்தனை படிகள் இருக்கின்றன.

அவர் எழுத்தில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறார். 'மரம்' என்று சொல்லி, ம-ர-ம் எனக் கைதட்டிப் பிரிக்க வைக்கிறார். பிறகு உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்ல வேண்டும். திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் வைத்து எழுதியதும் இதே வழிதான். முந்தைய பாடம் கைக்கு வந்த பிறகே புதிய எழுத்து. எந்த எழுத்தில் தடுமாறினாள் என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறார்.

இப்படி வாசிப்பில் திணற வைக்கும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்சியா அறிவுக் குறைவு அல்ல, பார்வைக் கோளாறும் அல்ல. ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் மூளைக்கு உள்ள சிரமம் அது. குடும்ப வழியாகவும் வரக்கூடும். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்த 7 வகைகளில் இது இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றது. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்பில் கிடைக்கும் சலுகை, இரண்டாம் வகுப்பில் தவறவிட்ட வாசிப்பைத் திருப்பித் தராது.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரித்துக் கற்பிக்கும் முறை அது. பள்ளிக்கு வராததால் பின்தங்கியவர்கள் இதில் மேலேறிவிடலாம். நன்றாகக் கற்பித்தும் அரும்பிலேயே நிற்கும் பிள்ளைக்குத்தான் இந்தப் பயிற்றுநர் தேவை. ஆனால் அவர் ஒருவரே பல பள்ளிகளுக்கும் போக வேண்டும், பலவகை மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளையும் கவனிக்க வேண்டும். ஊதியமோ தொகுப்பூதியம். தினமும் கிடைக்க வேண்டிய பயிற்சி அவர் வரும் நாளில் மட்டுமே கிடைக்கிறது.

அவருடைய பயிற்சி முறையை வகுப்பாசிரியர்களுக்கும் கற்றுத்தர வேண்டும். சிறப்புப் பயிற்றுநர்களை நிரந்தரமாக்க வேண்டும். பெற்றோரே, உங்கள் பிள்ளை இரண்டாம் வகுப்பு முடித்தும் எழுத்துக் கூட்டத் திணறினால் 'மக்கு' என்று திட்டாதீர்கள். வட்டார வள மையத்துக்குப் போய்ச் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள். அது உங்கள் பிள்ளையின் உரிமை.