விலை படிந்தது

ஒஹாயோ ஆற்றில் நீராவிக் கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. மேல்தளத்தில் ஒரு சீமாட்டி தைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அவளுடைய பையனும் பெண்ணும் விளையாடுகிறார்கள். விடுதலை கிடைத்தால் இந்த அடிமைகள் இப்போதைவிடத் திண்டாடிப்போவார்கள் என்கிறாள். கீழ்த்தளத்தில் சரக்கோடு சரக்காக, விற்பனைக்குப் போகும் மனிதர்கள். ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலில் 12-ஆம் அத்தியாயம் இது. நூலாக வந்தது 1852-இல்.

லூசி கைக்குழந்தையோடு ஏறுகிறாள். லூயிவில்லில் கணவன் வேலை பார்க்கும் விடுதிக்கே சமையலுக்குப் போவதாக எஜமான் சொல்லியிருக்கிறார். வியாபாரி ஹாலி விற்பனைப் பத்திரத்தை எடுக்கிறான். அவ்வழியே வந்த ஒருவர் அதைப் படித்துச் சொல்கிறார். தாயும் பிள்ளையும் விற்கப்பட்டாயிற்று.

பிள்ளைக்குப் பத்தரை மாதம், நல்ல திடம். பயணி ஒருவன் விலை கேட்கிறான். அவன் வீட்டுச் சமையல்காரியின் குழந்தை போன வாரம் துணி துவைக்கும் தொட்டியில் மூழ்கி இறந்துவிட்டது; இதை அவளிடம் வளர்க்கக் கொடுக்கலாமாம். பேரம் 45 டாலரில் படிகிறது.

லூயிவில் துறை. பெட்டிகளுக்கு இடையே துணி விரித்துக் குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு, கூட்டத்தில் கணவன் முகம் தெரிகிறதா என்று பார்க்க ஓடுகிறாள் லூசி. திரும்பும்போது குழந்தை இல்லை. அவள் அலறவில்லை. உட்கார்ந்துவிடுகிறாள். நல்ல இடமாகப் பார்த்து விற்பதாக ஹாலி ஆறுதல் சொல்கிறான்! அன்றிரவு, அதே கப்பலில் விற்பனைக்குப் போகும் டாமுக்கு விழிப்புத் தட்டுகிறது. கரிய உருவம் ஒன்று அவரைக் கடந்து போகிறது; தண்ணீரில் ஏதோ விழும் சத்தம். விடிந்ததும் ஹாலி கணக்குப் புத்தகத்தைத் திறந்து, அவளை நஷ்டத்தில் எழுதிக்கொள்கிறான்.

இந்த நாவலின் கண்ணீர் மிகுதியை 1949-இல் ஜேம்ஸ் பால்ட்வின் கடுமையாகச் சாடினார். அவர் பக்கம் நியாயம் நிறையவே உண்டு. ஆனாலும் அந்தக் கணக்குப் புத்தகத்தை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஸ்டோ இதே ஆற்றின் கரையில், சின்சினாட்டியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 1849-இல் அவருடைய ஒன்றரை வயது மகனைக் காலரா கொண்டுபோனது. பிள்ளையைப் பறிகொடுக்கும் அடிமைத் தாயின் துயரம் அப்போதுதான் தனக்குப் புரிந்தது என்று எழுதியிருக்கிறார்.

ஒஹாயோ மிசிசிப்பியில் கலக்கும் இடம் கெய்ரோ. மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில், எஜமானி தன்னை 800 டாலருக்கு நியூ ஆர்லியன்ஸுக்கு விற்கப்போவது காதில் விழுந்து ஓடிவந்த ஜிம், அந்த ஊர் விளக்குகளைத் தேடித் தெப்பத்தில் நிலைகொள்ளாமல் நிற்கிறான். அங்கிருந்து சுதந்திர மாநிலத்துக்குப் போய்ப் பணம் சேர்ப்பான். மனைவியை விலைக்கு வாங்குவான். இருவரும் உழைத்து இரண்டு பிள்ளைகளையும் வாங்குவார்கள். விற்க மறுத்தால் ஆள் வைத்துத் திருடுவார்கள்.

பெற்ற பிள்ளையைத் திருடுவதா! தெப்பத்தில் கூட வரும் ஹக் வெலவெலத்துப்போகிறான். நல்ல பையன்தான். ஆனால் அவன் வளர்ந்த ஊர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த நீதி அது: பிள்ளைகளின் உடைமைக்காரன் தனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவன்; அவன் சொத்து களவுபோகத் தான் துணைநிற்கலாமா? ஜிம்மைக் காட்டிக்கொடுக்கவே சிறுபடகில் கிளம்புகிறான். துப்பாக்கியோடு இருவர் எதிர்ப்பட்டு, தெப்பத்தில் இருப்பவன் வெள்ளையனா கறுப்பனா என்று கேட்கிறார்கள். ஹக்குக்கு உடனே வாய் வரவில்லை. பிறகு, வெள்ளையன் என்கிறான்.