ஐந்தாவது தேசிக்காய்

புதிய வாகனம் வாங்கியோர் அதன் நான்கு சக்கரங்களின் கீழும் தேசிக்காய் வைத்து நசுக்கிய பின்னரே வீதியில் இறக்குவது நம்மவர் வழக்கம். நாமும் அவ்வாறே செய்தோம். 2023ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, எமது அன்னையார் வசிக்கும் கொட்டாஞ்சேனையில், கோயில் வாசலிலே தேங்காய் உடைபட, தேசிக்காய் நான்கும் நசுங்க, வண்டி ஓசையின்றி முன்னே நகர்ந்தது. ஐந்தாவது தேசிக்காய் அந்த வண்டியேதான் என்பதை அன்று நாம் அறியோம்!

இதற்கு விளக்கம் வேண்டும். அமெரிக்க நாட்டில், பழுதை உள்ளே ஒளித்துக்கொண்டு வெளியே பளபளக்கும் மோட்டார் வண்டியை எலுமிச்சம்பழம் என்று பரிகசிப்பர். நாம் திருஷ்டி கழிக்க வைக்கும் கனியின் பெயரே அங்கு ஏமாற்றத்துக்குப் பெயராயிற்று.

'புதிய வண்டி' என்றோம். எமக்குத்தான் அது புதிது. வண்டியோ ஜப்பானில் ஓடி, பின் இலங்கையில் இருவரிடம் ஓடி, எம்மிடம் வந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது அல்லவா? அதன் பின், ஓடித் தேய்ந்த வண்டிக்கும் விலை ஏறிக்கொண்டே போயிற்று. ஆயினும் வாங்காமல் இருக்க இயலவில்லை. 2022இல் பெற்றோலுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, அன்னையாரை இருதய நோய்க் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல ஒரு முச்சக்கர வண்டியும் அகப்படாமல் நாம் தவித்த தவிப்பு எமக்கே தெரியும். பத்து ஆண்டுச் சேமிப்பும், இல்லாளின் இரண்டு காப்புகளும் அந்த வண்டியாக மாறின.

முதல் மாதம் இனிதே கழிந்தது. இரண்டாம் மாதம், அன்னையாரைக் கிளினிக்கில் காட்டிவிட்டு வெள்ளவத்தையிலுள்ள எமது இல்லத்துக்கு அழைத்து வருகையில், காலிமுகத்திடல் அருகே சிவப்பு முக்கோண விளக்கு ஒன்று முன்பலகையில் எரிந்தது. சற்று நேரத்தில் வண்டி வலுவிழந்து நின்றது. நண்பகல் வெயில். பின்னால் பஸ்களின் ஊதல் ஒலி. அன்னையார் முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டு, "தம்பி, கண்ணூறு பட்டுப்போச்சு" என்றார். அவருடைய உதடுகள் வெளிறியிருந்ததைக் கண்ட அந்தக் கணத்தில், எம் நெஞ்சில் எழுந்த சினத்துக்கு அளவில்லை.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு அண்மையில் ஒரு 'பாஸ்' வண்டியைத் திறந்து பார்த்தார். (கைவினைஞரை நாம் பாஸ் என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல்.) எமது வண்டி பெற்றோலாலும் மின்னாலும் ஓடும் ஹைபிரிட் வகை. பின்னிருக்கைக்குப் பின்னே 7.2 வோல்ற் கொண்ட 28 மின்கலத் தொகுதிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றைக் குளிர்விக்கும் காற்று, இருக்கையின் பக்கத்திலுள்ள துவாரம் வழியே செல்ல வேண்டும். அத்துவாரத்தையும் விசிறியையும் ஆண்டுக்கணக்கான தூசி அடைத்திருந்தது. மூச்சு முட்டிய மின்கலங்கள் சூடேறிச் சில செயலிழந்தன. ஒரு தொகுதி தளர்ந்தால் மற்றவையும் அதன் சுமையைத் தாங்கித் தளரும்.

பின்னர் அவர் கணினிக் கருவி ஒன்றைப் பொருத்தி, அதில் தோன்றிய ஓர் எண்ணைக் காட்டினார். பழுதுக் குறிப்புகளை யாரேனும் அழித்துவிட்டால், அதன்பின் ஓடிய தூரத்தை வண்டி தன் நினைவில் வைத்திருக்குமாம். அந்தத் தூரம் 1,152 கிலோமீற்றர். எமது கையில் வண்டி ஓடியதோ 1,140. எஞ்சிய 12 கிலோமீற்றரில் விடயம் முழுவதும் அடங்கியிருந்தது. நாம் பணம் எண்ணிக் கொடுப்பதற்குச் சற்று முன்னரே எச்சரிக்கை விளக்கு அணைக்கப்பட்டிருந்தது. இயந்திரம் உண்மை பேசிற்று. மனிதர் அதன் வாயைப் பொத்தினார்.

சட்டத்தை நாடினோம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், பொருளின் தரத்துக்கான பொறுப்பைப் பெரும்பாலும் வணிகராக விற்பவர் மீதே சுமத்துகிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் வந்தது. எமக்கு விற்றவரோ வணிகரல்லர். வஞ்சகத்தை மெய்ப்பிக்க எழுத்தில் ஒரு வரியும் எம்மிடமில்லை.

அப்போது பாஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சேர், லைற்றை இப்பவே அழிச்சுத் தாறன். ஒரு கிழமை தாங்கும். அதுக்குள்ள கைமாத்தி விடுங்க."

நேயர்களே, நாம் உடனே மறுத்துவிட்டோம் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. இழந்த காப்புகள் கண்முன் நின்றன. உயர்தர வகுப்பில் பயிலும் எமது மகன் அருகில் நின்றிருந்தான். "அப்பா, எங்களுக்குச் செய்ததை நாங்களும் செய்யப் போறமோ?" என்று மட்டும் கேட்டான்.

பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லோவ் 1970இல் இதே பழைய வண்டிச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது, எல்லா வண்டிகளையும் ஐயுற்று அவர் விலையைக் குறைப்பார். நல்ல வண்டி வைத்திருப்போர் விலகிக்கொள்வர். சந்தையில் பழுதே மிஞ்சும் என்பது அவர் கண்ட உண்மை. ஒருவர் மறைக்கும் பொய்யின் விலையை ஊர் முழுவதும் செலுத்துகிறது.

விளக்கை எரியவிட்டே வண்டியை விற்பனைக்கு வைத்தோம். குறைகளை மகன் தன் கையால் ஒரு தாளில் எழுதினான். வந்தவர் இருவர் அதைப் படித்துவிட்டுத் திரும்பினர். மூன்றாமவர் மின்கலத் தொழில் அறிந்தவர். விலை குறைத்துக் கேட்டு, தாளில் ஒப்பமிட்டு வாங்கிச் சென்றார். ஒரு காப்பின் விலை போயிற்று.

2025 பெப்ரவரி முதல் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியது. ஆயினும் பழைய வண்டிகள் கைமாறிக்கொண்டேயிருக்கும். வாங்குவோருக்கு ஒரு சொல்: உங்கள் பாஸை உடன் அழைத்துச் செல்லுங்கள், குறிப்புகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரத்தைக் கேளுங்கள், விற்பவர் கூறுவதை எழுத்தில் பெறுங்கள்.

அந்த ஞாயிறு நாமும் மகனும் 100ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டைக்குச் சென்று, அங்கிருந்து கொட்டாஞ்சேனை போய்ச் சேர்ந்தோம். நடந்ததைக் கேட்ட அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து சென்று, பேரனுக்கு முதலிலும் எமக்குப் பின்னரும், தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார்.