பதினைந்து நிமிடத்தில் எழுதிய ஒரு தலைப்பு

2002ஆம் ஆண்டு யூலை மாதம். போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஐந்து மாதங்கள்கூட நிறைவடையவில்லை. ஏ-9 வீதி திறக்கப்பட்டிருந்தது. கொழும்பில் நான் பணியாற்றிய தமிழ் நாளிதழின் ஆசிரியபீடத்தில் சமாதானப் பேச்சுகளைத் தவிர வேறு எதற்கும் இடமிருக்கவில்லை. இரவுப் பணியில் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் என் பொறுப்பிலிருந்தது. பக்கத்தின் அடிப்பகுதியில் ஒரு பத்தி வெறுமையாக நின்றது. செய்தி முகவரகம் அனுப்பியிருந்தவற்றில் ஒன்றை எடுத்து, பதினைந்து நிமிடத்தில் தமிழாக்கி, தலைப்பிட்டு அனுப்பினேன். "ஹோர்மோன் சிகிச்சை பெறும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம்" என்பது அத்தலைப்பு.

அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றை இடைநடுவில் நிறுத்திவிட்டார்கள் என்பதே செய்தி. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரஜன், புரஜெஸ்டின் ஆகிய இரு ஹோர்மோன்களையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகரித்தது என்ற எண்ணை நான் தவறாமல் எழுதினேன். அதில் பொய் எதுவுமில்லை. அச்செய்தியை மறுநாள் நான் மறந்தும்விட்டேன்.

என் மனைவிக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. நள்ளிரவு தாண்டி நான் வீடு திரும்பும் வேளைகளில் அவள் விழித்திருப்பாள். யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கதிரையில் அமர்ந்திருப்பாள். சில நாட்களில் அதிகாலை இரண்டு மணிக்குக் கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்கும். நெஞ்சிலிருந்து முகத்துக்கு அனல் ஏறி, உடை நனையுமளவு வியர்த்து, பின்னர் குளிரில் நடுங்குவாளாம். இந்த 'ஆம்' பிற்பாடு வந்தது. அன்று நான் அறிந்ததெல்லாம் அவளுக்குச் சினம் கூடிவிட்டது என்பது மட்டுமே. வெயில் என்றேன், பிள்ளைகளைப் பற்றிய கவலை என்றேன்.

பெண் பருவமடைந்தால் பந்தலிட்டு ஊரைக் கூட்டிச் சொல்லும் சமூகம் நம்முடையது. அதே பருவம் முடிவுக்கு வரும்போது வீட்டுக்குள்ளேயே அதற்கொரு பேச்சில்லை. 'நின்றுவிட்டது' என்று பெண்கள் தமக்குள் சொல்வதோடு சரி. முப்பது ஆண்டுகள் சொற்களைக் கொண்டு பிழைத்த எனக்கு, என் மனைவியிடம் இதைக் கேட்பதற்கு ஒரு சொல் இருக்கவில்லை.

அந்த ஆண்டு மார்கழியில் லண்டனிலிருந்து வந்த அவளுடைய தமக்கை, பத்து மில்லிலீற்றர் கொள்ளும் சிறிய போத்தலொன்றைக் கொடுத்துச் சென்றார். லவெண்டர் எண்ணெய். கைக்குட்டையில் இரண்டு துளி விட்டுத் தலையணையருகே வைத்துக்கொள்வாள். முப்பது மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயில் ஆறு துளி கலந்து பாதத்தில் தேய்ப்பாள். அது ஏறக்குறைய ஒரு சதவீதக் கலவை. தோலுக்கு அதுவே போதும். கோடாலித் தைலத்தின் நெடியில் வளர்ந்த வீட்டுக்குள் புதியதொரு மணம் குடிவந்தது.

போத்தல் முடிந்தபோது, நம் நாட்டுச் சரக்கிருக்க இறக்குமதி எதற்கு என்று நான் கறுவாப்பட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு போனேன். அவள் அதை அப்படியே மணிக்கட்டில் தடவ, ஒரு மணி நேரத்தில் தோல் சிவந்து கொப்பளித்தது. பட்டை எண்ணெயிலுள்ள சின்னமல்டிஹைட் தோலைக் கடுமையாக எரிக்கக்கூடியது என்பதை அதன் பிறகே அறிந்தேன். இலையிலிருந்து வடிக்கும் எண்ணெயில் மிகுந்திருப்பது யூஜினோல். அதையும் நேரடியாகப் பூசலாகாது. கறுவாவையும் சித்ரனெல்லாவையும் உலகுக்கு வடித்துக் கொடுத்த தீவில் வாழ்ந்தும் எனக்கு இது தெரியவில்லை. 'இயற்கை' என்ற சொல் என்னையும் ஏமாற்றியது.

பிரெஞ்சு இரசாயனவியலாளர் கட்டஃபோசே தமது நூலுக்கு 'அரோமாதெரப்பி' என்று பெயர் சூட்டி வெளியிட்டது 1937இல். அன்றுமுதல் இந்த எண்ணெய்களைப் பற்றிக் கூறப்பட்டவை ஏராளம், சோதிக்கப்பட்டவை சொற்பம். ஈரானில் நூறு பெண்களிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வொன்று, நாளுக்கு இருமுறை லவெண்டரை முகர்ந்தவர்களுக்கு அனலெழுச்சி குறைந்ததாகக் கூறுகிறது. ஒப்பிடுவதற்குக் கொடுக்கப்பட்டது நீர்த்த பால். எது மருந்து, எது பால் என்பதை மூக்கு அறியாமலா இருக்கும்? இத்தகைய ஆய்வுகளின் இடர்ப்பாடு அதுதான். ஈஸ்ட்ரஜன் குறையும்போது, மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி சிறு வெப்ப மாற்றத்துக்கும் பதறிப்போய் வியர்வையைத் திறந்துவிடுகிறது. எண்ணெய் அதைச் சீர்செய்வதாக நிறுவப்படவில்லை. ஆனால் மனத்தை ஆற்றி, உறக்கத்துக்குச் சிறிது துணை நிற்கக்கூடும். அதை உள்ளே குடிக்கக்கூடாது. குழந்தைகளின் கைக்கெட்ட வைக்கக்கூடாது. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் மீண்டும் இரத்தம் கண்டால், எந்த எண்ணெயையும் தேடாமல் வைத்தியரிடம் சென்றுவிட வேண்டும்.

பல ஆண்டுகளுக்குப் பின்னர், வீடு மாறும்போது, அவளுடைய பழைய கைப்பையிலிருந்து நான்காக மடித்த காகிதமொன்று விழுந்தது. 2002 யூன் மாதத் திகதியிட்ட மருந்துச் சீட்டு. ஹோர்மோன் மாத்திரை. வாங்கவேயில்லை.

"ஏன் வாங்கேல்லை?" என்று கேட்டேன்.

"உங்கட பேப்பரிலதானே போட்டிருந்தது, புற்றுநோய் வருமெண்டு," என்றாள். குரலில் குற்றச்சாட்டு ஏதுமில்லை.

அந்த ஆய்வை அதன்பிறகுதான் முழுமையாகப் படித்தேன். 26 சதவீதம் என்பதன் பொருள், ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் பெண்களில் மேலதிகமாக எட்டுப் பேர் என்பதாகும். அதில் பங்கேற்றோரின் சராசரி வயது 63. ஈஸ்ட்ரஜன் மட்டும் பெற்ற பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் அதிகரிக்கவில்லை என்பது 2004இல் வெளிவந்தது. அறுபது வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டு கடவாத ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாகத் தீமையைவிட நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டல். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டி ஆகியவற்றுக்கு ஆளானவர்களுக்கு அது பொருந்தாது. இவையெல்லாம் வைத்தியரோடு அமர்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டியவை. என் தலைப்பு அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கவில்லை.

பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் மறுநாள் திருத்தம் போடும் வழக்கம் எங்கள் பத்திரிகையில் இருந்தது. இச்செய்திக்கு யாரும் திருத்தம் கேட்கவில்லை. அன்று அதைப் படித்து எத்தனை பெண்கள் மருந்துச் சீட்டை மடித்து வைத்தார்களோ, நானறியேன். அவர்களில் ஒருத்தி என் வீட்டிலேயே இருந்தாள். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவள் சரியாக உறங்கவில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொல்லி, என் பிழையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"குளிசையை விடுங்கோ," என்றாள். "நான் இரவில எழும்பி இருக்கேக்க, ஒருநாளாவது என்ன செய்யுதெண்டு கேட்டிருந்தால் காணும்."

இப்போது அவளுக்கு எழுபது கடந்துவிட்டது. அனல் எப்போதோ தணிந்துவிட்டது. ஆனாலும் இரவில் கைக்குட்டையில் இரண்டு துளி விடும் பழக்கம் மட்டும் போகவில்லை. போத்தல் முடிந்தால் வாங்கி வருவது என் வேலை.